நெபுலாவின் உருவத்தைக் கொண்டு அதை ஊதிய காற்றைக் கணக்கிடுவது எப்படி

நெபுலா (விண்வெளி வாயு முகில்) படங்களில் விண்மீன் காற்று, அதாவது விண்மீன் வெளியே வீசும் வாயு, தெரிவதே இல்லை. தெரிவதெல்லாம் அந்தக் காற்று போய் முட்டிய இடம். நொடிக்கு 2000 கி.மீ. வேகத்தில் பாயும் வாயு அவ்வளவு நீர்த்துப்போயிருக்கும். கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுகூடத் தேறாது, கேமராவில் எதுவும் பதியாது. பளிச்சென்று தெரியும் வளையம், விளிம்பு, இடுப்பு, கொம்பு எல்லாம் முன்பே அங்கே கிடந்த வாயு நெருக்கித் தள்ளப்பட்டுக் குவிந்த ஓரங்கள். ஆகவே உருவத்தைப் பார்த்ததும் 'காற்று இந்தத் திசையில் வீசியிருக்கிறது' என்று முடிவுகட்டக் கூடாது. 'எந்தத் திசையில் தடை குறைவாக இருந்தது' என்பதுதான் முதல் கேள்வி. காற்றின் கதை அதற்குப் பிறகு வரும்.

இந்த வேலைக்கு வேண்டியவை: தனித்தனி அலைவரிசைகளில் எடுத்த படங்கள் (சொந்தத் தொலைநோக்கியில் எடுத்ததாக இருக்கலாம், ஹப்பிள் காப்பகத்திலிருந்து இறக்கியதாகவும் இருக்கலாம்), படத்தின் அளவுகோல், விண்மீனின் தொலைவு, வாயு விரியும் வேகம், ஒரு விரிதாள். வானியல் படங்கள் வரும் ஃபிட்ஸ் கோப்புகளைத் திறக்க டிஎஸ்9 என்ற இலவச மென்பொருள் போதும்.

முதலில் விண்மீன் எந்த ரகம்?

காற்றின் வேகமும் அளவும் விண்மீனுக்கு விண்மீன் ஆயிரம் மடங்குவரை மாறும். ரகத்தைத் தவறாக எடுத்தால் பின்னால் போடும் எல்லாக் கணக்கும் வீண்.

பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் தங்களைச் சுற்றியுள்ள தட்டிலிருந்து வாயுவை உறிஞ்சி, அதில் ஒரு பகுதியைக் காந்தப்புலத்தின் வழியே இரண்டு துருவங்களிலும் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். வேகம் நொடிக்கு 100 முதல் 400 கி.மீ. இந்தத் தாரைகள் முட்டி ஒளிரும் திட்டுகளுக்கு ஹெர்பிக்-ஹாரோ பொருள்கள் என்று பெயர். மிகச் சூடான ஓ வகைப் பெரு விண்மீன்களின் காற்று நொடிக்கு 1500 முதல் 3000 கி.மீ.; ஆண்டுக்கு இழக்கும் நிறை சூரியனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். மேலுறையை இழந்த பெரு விண்மீன்களான உல்ஃப்-ராயே விண்மீன்களும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் வீசும், ஆனால் நிறை இழப்பு பத்து மடங்கு அதிகம். முதுமையடைந்த சிவப்பு ராட்சத விண்மீனின் காற்று நொடிக்கு வெறும் 10 முதல் 20 கி.மீ.; அதன் இழப்போ ஆண்டுக்குச் சூரியனில் லட்சத்தில் ஒரு பங்கு, கடைசிக் கட்டத்தில் இன்னும் அதிகம். அதே விண்மீன் மேலுறை கழன்று உள்கரு வெளிப்பட்டதும், ஆண்டுக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு மட்டுமே இழந்தாலும், நொடிக்கு ஆயிரம் இரண்டாயிரம் கி.மீ. வேகத்தில் வீசத் தொடங்கும்.

ஈட்டா கரினே போன்றவை தனிக் கணக்கு. 1840களின் பெருவெடிப்பில் அது குறைந்தது பத்துச் சூரியன்களின் நிறையை உதறியது. இன்று ஹோமுன்குலஸ் எனப்படும் இரட்டைக் குமிழின் முனைகள் நொடிக்குச் சுமார் 650 கி.மீ. வேகத்தில் விரிகின்றன. நிதானமாக வீசும் காற்றுக்கான சூத்திரங்களை அங்கே பொருத்தாதீர்கள்.

மெதுக்காற்றும் வேகக்காற்றும்

கோள் நெபுலாக்களுக்கான (முதிய விண்மீன் உதறிய மேலுறை ஒளிர்வது; பெயரைத் தவிரக் கோளோடு தொடர்பில்லை) அடிப்படை விளக்கத்தை 1978இல் குவோக், பர்ட்டன், ஃபிட்ஸ்ஜெரால்டு மூவரும் தந்தார்கள்: முன்பு மெதுவாகப் போன காற்றைப் பின்னால் வரும் வேகக்காற்று துரத்திப் பிடித்து வாரிக் குவிக்கிறது. இதை எண்களில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. இல்லையென்றால் இவ்வளவு மெல்லிய காற்று அவ்வளவு கனமான வாயுவை எப்படி நகர்த்தும் என்ற சந்தேகம் கடைசிவரை போகாது.

மெதுக்காற்றுக்கு ஆண்டு இழப்பு லட்சத்தில் ஒரு பங்கு, வேகம் 15 என்று வையுங்கள். வேகக்காற்றுக்கு இழப்பு பத்துக் கோடியில் ஒரு பங்கு, வேகம் 2000. உந்தம் என்பது இழப்பையும் வேகத்தையும் பெருக்கியது. அதில் மெதுக்காற்றுதான் ஏழெட்டு மடங்கு பெரிது. ஆற்றலுக்கு வேகத்தின் இருமடியைப் பெருக்க வேண்டும். அப்போது கணக்கு தலைகீழாகிறது. மெதுக்காற்றின் ஆற்றல் சூரியன் வெளியிடும் ஒளியாற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகக்காற்றினுடையது சூரியனைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அதாவது வேகக்காற்று நேரடியாக மோதித் தள்ளினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அது மோதி, சூடாகி, அந்தச் சூட்டை இழக்காமல் அடைபட்டுக் கிடந்தால்தான் அழுத்தம் ஏறி, சுற்றிலும் ஓடுபோல் குவிந்த வாயுவைத் தள்ளும்.

சூடு எவ்வளவு என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: அதிர்ச்சி வேகம் (காற்று வந்து மோதும் வேகம்) நொடிக்கு 100 கி.மீ. என்றால் வெப்பநிலை சுமார் 1.4 லட்சம் கெல்வின். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. 1000 கி.மீ.க்கு இது 1.4 கோடி கெல்வினுக்குப் போகும். அவ்வளவு சூடும் அவ்வளவு மெலிவும் சேர்ந்த வாயு ஆறுவதற்கு நெபுலாவின் ஆயுளே போதாது. எனவே உள்ளே ஒரு சூடான குமிழ் நிற்கும். காற்றின் வேகம் நூற்றைம்பது, இருநூறு கி.மீ. என்று இறங்கினால் வாயு சட்டென்று ஆறிவிடும். குமிழ் உருவாகாது, வெறும் உந்தம்தான் தள்ளும். அப்போது ஓடு மெதுவாகவும் ஒழுங்கற்றும் இருக்கும்.

எக்ஸ் கதிர்ப் படங்களோடு ஒப்பிடும்போது ஒரு முரண் வரும். கணக்கு கோடிக் கெல்வின்களைச் சொல்லும். சந்திரா தொலைநோக்கி பூனைக்கண் நெபுலாவின் உள்ளே கண்ட வாயு இருபது லட்சம் கெல்வினைக்கூட எட்டவில்லை. கணக்கில் பிழையில்லை. குமிழின் ஓரத்தில் குளிர்ந்த வாயு ஆவியாகியும் கலந்தும் உள்ளே போகிறது, அந்தக் கலவைதான் அடர்த்தி மிகுந்து பிரகாசமாகத் தெரிகிறது.

ஆக, விண்மீனிலிருந்து வெளியே போகும்போது வரிசை இப்படி: தடையின்றிப் பாயும் வேகக்காற்று (கண்ணுக்குத் தெரியாது), அது மோதி நிற்கும் உள் அதிர்ச்சி, சூடான குமிழ், நெருக்கப்பட்ட பிரகாசமான விளிம்பு, அதற்கு வெளியே அயனியாகிப்போன பழைய வாயுவின் மங்கலான ஓடு, கடைசியில் மிக மங்கிய ஒளிவட்டம். படத்தில் எது எந்த அடுக்கு என்று பெயரிட்ட பிறகுதான் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும். ஒளிவட்டம் பிரதான வளையத்தைவிட ஆயிரம் மடங்கு மங்கலாக இருப்பது சகஜம். டிஎஸ்9இல் நேர்க்கோட்டு அளவை மாற்றி மடக்கை அளவில் பாருங்கள். இல்லாவிட்டால் பாதி வரலாறு கருப்பில் மூழ்கிவிடும்.

படம்: எந்த வடிகட்டி, ஏன்

வண்ணக் கலவைப் படத்தில் அளக்கக் கூடாது. ஹப்பிள் வண்ணமுறையில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். வேறொருவர் படத்தில் அதே பச்சை ஆக்சிஜனாக இருக்கும். ஒவ்வொரு நிறமாலை வரிக்கும் (ஒரு தனிமம் ஒளிரும் தனி அலைநீளத்துக்கும்) தனிக் கருப்பு-வெள்ளைப் படம் வேண்டும்.

ஹைட்ரஜனின் எச்-ஆல்ஃபா வரி 656.3 நானோமீட்டரில் இருக்கிறது. அதன் இருபுறமும் நைட்ரஜனின் இரண்டு வரிகள், 654.8, 658.4 என்று நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. 7 நானோமீட்டர் அகல வடிகட்டி மூன்றையும் விழுங்கிவிடும். கோள் நெபுலாக்களில் நைட்ரஜன் வரி ஹைட்ரஜனைவிடப் பிரகாசமாக இருப்பதும் உண்டு, ஆகவே 'எச்-ஆல்ஃபா படம்' என்று நினைத்து நீங்கள் அளப்பது பாதிக்கு மேல் நைட்ரஜனாக இருக்கலாம். 3 நானோமீட்டர் வடிகட்டியில் 658.4 பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். ஆனால் எஃப்/2 போன்ற வேகத் தொலைநோக்கிகளில் சாய்வாக நுழையும் கதிர்களால் வடிகட்டியின் சாளரம் நீலப்பக்கம் நகரும். அதற்கென்று செய்த வடிகட்டி இல்லையென்றால் குறுகிய வடிகட்டி வரியையே வெட்டிவிடும்.

ஆக்சிஜன் வரி, அதாவது படம் எடுப்பவர்கள் சொல்லும் ஓ-3, 500.7 நானோமீட்டர். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையில் பார்த்து யாருக்கும் புரியாமல் 'நெபுலியம்' என்ற புதுத் தனிமமாகப் பேசப்பட்ட வரிகளில் இதுவும் ஒன்று; அது இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று ஐரா போவன் 1927இல் கண்டுபிடித்தார். கந்தகத்தின் 671.6, 673.1 இரட்டை வரி மூன்றாவது.

வளையங்களை எண்ணும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விண்மீனுக்கு அருகில் கடுமையான புறஊதா ஒளி இருப்பதால் அங்கே ஹீலியம், ஆக்சிஜனின் உயர் அயனிகள் ஒளிரும். தள்ளிப்போகப்போக நைட்ரஜனும் கந்தகமும் ஒளிரும். ஆக்சிஜன் வளையம் சிறியதாகவும் நைட்ரஜன் வளையம் பெரியதாகவும் இருந்தால் விண்மீன் இரண்டு முறை வாயுவை வீசியது என்று பொருளல்ல. ஒரே ஓட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும்தான். இரண்டு வீச்சு என்று சொல்ல வேண்டுமானால் ஒரே அயனியில் இரண்டு விளிம்பு தெரிய வேண்டும்.

அளந்து வயது காண்பது

கோணத்தை நீளமாக மாற்ற எளிய வழி: ஒரு பார்செக் (சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவில் ஒரு விகலை (பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்பது ஒரு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்). ஆரத்தை விகலையில் அளந்து, தொலைவைப் பார்செக்கில் பெருக்கினால் ஆரம் வானியல் அலகில் கிடைக்கும். வேகத்தோடு சேர்த்தால்:

வயது (ஆண்டு) = 4.74 × ஆரம் (விகலை) × தொலைவு (பார்செக்) ÷ வேகம் (நொடிக்கு கி.மீ.)

லைரா விண்மீன் குழுவின் வளைய நெபுலாவை, அதாவது எம் 57ஐ எடுத்துக்கொள்வோம். கையா விண்கலத்தின் இடமாறு அளவீட்டின்படி தொலைவு சுமார் 790 பார்செக். பிரகாசமான வளையத்தின் நீள் அச்சில் பாதி சுமார் 40 விகலை. வேகம் 25 என்று வைத்தால் 4.74 × 40 × 790 ÷ 25, ஏறத்தாழ 6000 ஆண்டு. ஆய்வாளர்கள் வெளியிட்ட மதிப்பீடுகளில் 4000 ஆண்டும் உண்டு, 7000 ஆண்டும் உண்டு. ஒரே பொருளுக்கு இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், நாம் போட்ட கணக்கில் ஒளிந்திருக்கும் ஊகங்கள் அப்படி.

முதல் ஊகம் வேகம். வாயு நம்மை நோக்கி வந்தாலோ விலகினாலோ அதன் வரி இடம் நகரும் (டாப்ளர் நகர்வு); 25 கி.மீ. வேகத்தில் 500.7 நானோமீட்டர் வரி நகர்வது 0.042 நானோமீட்டர்தான். நம்மை நோக்கி வரும் முன்பக்கமும் விலகிப்போகும் பின்பக்கமும் சேர்ந்து வரி இரண்டாகப் பிளவது 0.083 நானோமீட்டர். இதைப் பிரித்தறிய நிறமாலைமானியின் பிரிதிறன் குறைந்தது 6000 வேண்டும். நம்பும்படியாக அளக்க அதன் இரு மடங்காவது தேவை. சிறிய கீற்றணி நிறமாலைமானிகளின் பிரிதிறன் சில நூறுதான். அவற்றை வைத்து முயன்று பயனில்லை, பிரிதிறன் மிகுந்த எஷெல் வகை வேண்டும். எச்-ஆல்ஃபாவில் அளக்கவும் வேண்டாம். 10,000 கெல்வினில் ஹைட்ரஜன் அணுக்களின் வெப்ப அசைவே வரியை நொடிக்கு 21 கி.மீ. அகலத்துக்குத் தடிக்க வைக்கும், பிளவு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆக்சிஜன் பதினாறு மடங்கு கனமானது, அதனால் அதன் வரி நான்கில் ஒரு பங்கு அகலமே. பிளவு சுத்தமாகத் தெரியும்.

பிளவை நெபுலாவின் நடுவில் அளக்க வேண்டும். நிறமாலைமானிக்குள் ஒளி நுழையும் குறுகிய சாளரத்தை மையத்தின் குறுக்கே நீளவாக்கில் வைத்தால், நிறமாலையில் அந்த வரி கண்ணின் வடிவத்தில் பதியும்: நடுவில் அகலமாக, இரு ஓரங்களிலும் ஒன்றாகச் சேர்ந்து. ஓரத்தில் வாயு பக்கவாட்டில் நகர்வதால் டாப்ளர் நகர்வு இல்லை. கண் வடிவம் சாய்ந்து கிடந்தால் நெபுலாவின் அச்சு நம் பார்வைக்குச் சாய்வாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, நடுவில் அளந்த வேகம் பார்வைத் திசையில் உள்ளது. படத்தில் அளந்த ஆரம் அதற்குக் குறுக்கே உள்ளது. உருண்டையாக இருந்தால் மட்டுமே இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போடலாம். எம் 57 அப்படி உருண்டை இல்லை. அதன் நீண்ட அச்சை ஏறக்குறைய நேராக உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேலும் பல கோள் நெபுலாக்களில் வெளிப்புற வாயு உட்புறத்தைவிட வேகமாகப் போகிறது, ஆகையால் நைட்ரஜனில் ஆரம் அளந்து ஆக்சிஜனில் வேகம் அளந்தால் விடை கலப்படமாகும். ஒரே அயனியில் இரண்டையும் அளந்துவிடுங்கள்.

மூன்றாவது, வேகம் எப்போதும் ஒன்றாக இருந்ததா? கோள் நெபுலாவில் ஓடு முதலில் மெதுவாகத் தொடங்கிப் பின்னர் வேகம் பிடித்தது, ஆகவே உண்மை வயது சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதல். பெரு விண்மீன் சீரான அடர்த்தியுள்ள முகிலுக்குள் ஊதும் குமிழில் நிலைமை நேர்மாறு: ஆரம் காலத்தின் 0.6 அடுக்கில் வளர்கிறது, வேகம் குறைந்துகொண்டே வருகிறது, எனவே விடையை 0.6ஆல் பெருக்க வேண்டும். 5 பார்செக் ஆரமும் நொடிக்கு 30 கி.மீ. வேகமும் உள்ள குமிழுக்கு நேர்க்கணக்கு 1.63 லட்சம் ஆண்டு காட்டும். சரியான கணக்கு 98,000 ஆண்டு. இந்த 0.6ஐக் கோள் நெபுலாவுக்கும் பழக்கதோஷத்தில் போட்டுவிடுபவர்கள் நிறைய.

உருவத்தை விரிதாளில் வரைந்து பார்ப்பது

இனி விரிதாள் வேலை. ஒரு மாலையில் முடியும், நெபுலா ஏன் இடுப்பு சிறுத்துக் கொம்பு முளைக்கிறது என்பது கையில் புரிந்துவிடும்.

மெதுக்காற்று எல்லாத் திசையிலும் சமமாக இல்லை, நடுக்கோட்டில் அடர்த்தி அதிகம், துருவத்தில் குறைவு என்று வையுங்கள். உள்ளே சூடான குமிழின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். சூடான வாயுவில் ஒலி வேகம் அதிகம், அழுத்த வேறுபாடு உடனே சமமாகிவிடும். அப்படியானால் ஒவ்வொரு திசையிலும் ஓடு போகும் வேகம்:

ஓட்டின் வேகம் = மெதுக்காற்றின் வேகம் ÷ (1 − த)

இங்கே 'த' என்பது குமிழின் தள்ளுதலுக்கும் அந்தத் திசையின் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலம். அடர்த்தி நான்கு மடங்கு குறைந்தால் 'த' இரு மடங்காகும்.

மெதுக்காற்று 15 கி.மீ.; நடுக்கோட்டில் 'த' 0.25. அங்கே ஓட்டின் வேகம் 15 ÷ 0.75, அதாவது 20. துருவத்தில் அடர்த்தி நான்கில் ஒரு பங்கு என்றால் 'த' 0.5, வேகம் 30. இது நீள்வட்டம். ஒன்பதில் ஒரு பங்கு என்றால் 'த' 0.75, வேகம் 60. இது இடுப்புள்ள இரட்டைக் குமிழ். பன்னிரண்டில் ஒரு பங்குக்கு வேகம் 112. பதினாறில் ஒரு பங்கு என்றால் 'த' ஒன்றாகிறது, வகுத்தி சுழியாகிறது, சூத்திரம் முறிகிறது. நிஜத்தில் முறிவது ஓடு: குமிழ் துருவத்தில் கிழிந்து சூடான வாயு பீறிடும். வேகக்காற்று எல்லாத் திசையிலும் ஒரே சீராகத்தான் வீசியது. மெதுக்காற்றின் அடர்த்தி வித்தியாசம்தான் 20க்கும் 112க்கும் இடையிலான வித்தியாசமாக மாறியது.

முழு உருவத்துக்கு, துருவத்திலிருந்து கோணத்தை 5 பாகை இடைவெளியில் ஒரு நெடுவரிசையில் இடுங்கள். அடுத்ததில் அடர்த்தி: 1 + 8 × (சைன் கோணம்)². இது துருவத்தில் 1, நடுக்கோட்டில் 9 தரும். அடுத்ததில் 'த' = 0.75 ÷ அடர்த்தியின் வர்க்கமூலம். அடுத்ததில் வேகம். சரிபார்க்க: 0 பாகையில் 60, 10 பாகையில் 46, 20இல் 32.5, 30இல் 26.5, 45இல் 22.6, 90இல் 20 வர வேண்டும். வேகத்தை வயதால் பெருக்கி, கூடவே 0.211ஆல் பெருக்கினால் ஆரம் வானியல் அலகில் வரும். சைன், கோசைன் போட்டு வரைபடமாக்குங்கள்.

முனை ஊசிபோல் வரும். அது இந்தக் கணக்கின் குறை: ஓடு சாய்ந்திருக்கும் இடத்தில் அழுத்தம் பக்கவாட்டிலும் தள்ளும் என்பதை நாம் விட்டுவிட்டோம். நிஜக் குமிழின் முனை இதைவிட உருண்டையாக இருக்கும். இடுப்பின் அளவும் நீள அகல விகிதமும் ஓரளவு நம்பத்தக்கவை. பிறகு அந்த உருவத்தைச் சாய்த்துப் பாருங்கள். பக்கத்திலிருந்து மணற்கடிகாரமாகத் தெரியும் அதே உருவம் துருவத்தின் வழியே பார்த்தால் வட்ட வளையம். 'வட்டமான நெபுலா' என்று வகைப்படுத்தியவற்றில் எத்தனை நிஜமான உருண்டை என்பதில் எங்களுக்குச் சந்தேகம் அதிகம்தான்.

தடத்தை வாசித்தல்

விண்மீன் மையத்தில் இல்லையா? காசியோபியாவில் உள்ள குமிழ் நெபுலா, என்ஜிசி 7635, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 7 ஒளியாண்டு அகலக் குமிழில் விண்மீன் ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் முகில் அடர்த்தி அதிகம், குமிழ் அங்கே மெதுவாகத்தான் போக முடிந்தது. விண்மீன் நகர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் எந்தப் பக்க விளிம்பு பிரகாசமாக இருக்கிறது என்று பாருங்கள். நெருங்கிய விளிம்பே பிரகாசமானதாகவும் இருந்தால் அடர்த்தியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விண்மீன் நிஜமாகவே ஓடினால் முன்னால் வில் போன்ற அதிர்ச்சி தெரியும். ஜீட்டா ஒஃபியூக்கி அப்படி. வில்லுக்கும் விண்மீனுக்கும் உள்ள தூரத்தில் காற்றின் உந்தமும் எதிர்வரும் வாயுவின் அழுத்தமும் சமமாகின்றன. ஆண்டுக்குக் கோடியில் ஒரு பங்கு இழப்பு, காற்று 1500 கி.மீ., விண்மீனின் ஓட்டம் 30 கி.மீ., வெளியே கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்றால் தூரம் சுமார் 0.6 பார்செக். தூரத்தை அளந்து, மற்றவை தெரிந்திருந்தால், நிறை இழப்பைத் திருப்பிக் கணக்கிடலாம். தூரம் பாதியானால் இழப்பு நான்கில் ஒரு பங்கு. நொடிக்கு 130 கி.மீ. வேகத்தில் ஓடும் மீரா விண்மீன் பின்னால் 13 ஒளியாண்டு நீள வால் விட்டுச் சென்றதை 2007இல் கேலெக்ஸ் விண்கலம் புறஊதாவில் கண்டது. சாதாரண ஒளியில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடுப்பு மிகவும் இறுகி, இருபுறக் கொம்புகளும் மையத்தைச் சுற்றித் திருகினாற்போல் எதிரெதிராக அமைந்திருந்தால், துணை விண்மீனைத் தேடுங்கள். தனி விண்மீனின் மெதுவான சுழற்சி அவ்வளவு அடர்த்தி வேறுபாட்டைத் தராது. துணை விண்மீன் சுற்றும் தளத்தில் வாயு குவிகிறது. அது உருவாக்கும் தட்டிலிருந்து தாரை கிளம்பி, தட்டு தள்ளாடும்போது தாரையின் திசையும் மாறுகிறது. ஆர் ஸ்கல்ப்டோரிஸ் விண்மீனைச் சுற்றி வாயு சுருளாகப் போவதை ஆல்மா தொலைநோக்கி 2012இல் படம்பிடித்துக் காட்டியது. நேராகத் தெரியாத ஒரு துணை இழுத்த கோலம் அது. சுருளின் இரண்டு சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் காற்றின் வேகத்தால் வகுத்தால் துணையின் சுற்றுக்காலம் கிடைக்கும்.

பூனைக்கண்ணைச் சுற்றியுள்ள மங்கலான ஒருமைய வளையங்களுக்கும் அதே வகுத்தல்தான். குறைந்தது பதினொன்று இருக்கின்றன, ஏறத்தாழ 1500 ஆண்டுக்கு ஒன்று. உள்ளே சிக்கலான பின்னல், வெளியே ஒழுங்கான வளையங்கள்: காற்றின் குணம் கடைசி ஆயிரமாண்டுகளில் அடியோடு மாறியதை ஒரே படத்தில் பார்க்கலாம்.

விளிம்பில் சிறு முடிச்சுகளும் வால்களும் இருந்தால் அவற்றைத் தாரை என்று எண்ணாதீர்கள். லேசான வாயு கனமான வாயுவைத் தள்ளும்போது எல்லை நிலையாக நிற்காது, விரல்விரலாக உடையும். ஹெலிக்ஸ் நெபுலாவில் இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள், ஒவ்வொன்றுக்கும் விண்மீனுக்கு எதிர்ப்புறமாக ஏறத்தாழ ஆயிரம் வானியல் அலகு நீள வால். எல்லா வாலும் மையத்திலிருந்து விலகிச் சென்றால் முடிச்சு. ஓர் அச்சில் மட்டும் வரிசையாக இருந்தால் தாரை.

ஒளிர வைப்பது மோதலா, புறஊதாவா?

கந்தக வரிகளின் கூட்டு பிரகாசத்தை எச்-ஆல்ஃபாவால் வகுத்துப் பாருங்கள். சுமார் 0.4க்கு மேல் போனால் அதிர்ச்சி அலை என்று சந்தேகிக்கலாம். ஹெர்பிக்-ஹாரோ பொருள்களில் இது இன்னும் அதிகமாக இருக்கும். எச்-ஆல்ஃபா வடிகட்டியில் நைட்ரஜன் கலந்திருந்தால் இந்த விகிதம் பொய்யாகக் குறையும் என்பதை மறக்க வேண்டாம். 671.6, 673.1 இரண்டையும் தனித்தனியே பிரிக்க முடிந்தால் அடர்த்தியும் கிடைக்கும்: முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் 1.4ஐ நெருங்கினால் கன சென்டிமீட்டருக்கு 100 எலெக்ட்ரானுக்கும் குறைவு, 0.45ஐ நெருங்கினால் பத்தாயிரத்துக்கு மேல். இந்த இரு முனைகளில் விகிதம் அசையாது, ஆகவே அங்கே கிடைக்கும் எண்ணை எல்லையாக மட்டும் கொள்ள வேண்டும். வெப்பநிலைக்கு ஆக்சிஜனின் 495.9, 500.7 வரிகளைக் கூட்டி 436.3 வரியால் வகுக்க வேண்டும். 10,000 கெல்வினில் விடை 200ஐ ஒட்டியும் 15,000இல் 70ஐ ஒட்டியும் வரும். 436.3 மிகவும் மங்கலான வரி. பக்கத்திலேயே 435.8இல் பாதரச விளக்குகளின் வரி இருப்பதால் விளக்கொளி உள்ள வானில் இந்த விகிதத்தை நம்பவே முடியாது.

நகர்வை நேராகவே பார்ப்பது

சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டிப் பார்த்தால் டாப்ளர் இல்லாமலே விரிவு தெரியும். ஆனால் எதற்குச் சாத்தியம் என்று முதலில் கணக்கிட்டுவிடுங்கள்: ஆண்டு நகர்வு (விகலை) = வேகம் ÷ (4.74 × தொலைவு). எம் 57க்கு இது ஆண்டுக்கு 0.0067 விகலை; பத்தாண்டில் 0.067. ஹப்பிளின் பரந்த புலக் கேமராவில் அது ஒன்றரைப் பிக்சலுக்கு மேல், அளந்துவிடலாம். பிக்சலுக்கு ஒரு விகலை காட்டும் சிறு தொலைநோக்கியில் ஒரு பிக்சல் நகர 150 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஓரியன் முகிலில் சுமார் 400 பார்செக் தொலைவில் நொடிக்கு 250 கி.மீ. வேகத்தில் போகும் தாரை முடிச்சு பத்தாண்டில் 1.3 விகலை நகரும். வீட்டுத் தொலைநோக்கியால் எட்டக்கூடியது அதுதான். ஹெர்பிக்-ஹாரோ 1, 2 இரண்டிலிருந்து தொடங்கலாம்.

இரண்டு படங்களும் ஒரே வரியில், ஒரே அகல வடிகட்டியில் இருக்க வேண்டும். குறைந்தது பத்துப் பின்னணி விண்மீன்களைக் கொண்டு சுழற்சி, அளவு, இடம் மூன்றையும் பொருத்துங்கள்; கையா பட்டியலில் ஆண்டு நகர்வு அதிகமுள்ள விண்மீன்களை விலக்கிவிட்டே பொருத்த வேண்டும். மங்கலான படத்தின் தரத்துக்குக் கூர்மையான படத்தையும் மழுக்குங்கள், இல்லையென்றால் முடிச்சின் உருவ மாற்றம் நகர்வுபோல் ஏமாற்றும். கடைசியில் நெபுலா இல்லாத மூலையிலுள்ள விண்மீன்கள் சிலவற்றுக்கும் இதே முறையில் நகர்வு காணுங்கள். அங்கேயும் அரை விகலை வந்தால் முடிச்சில் கிடைத்த 1.3ஐ நம்பாமல் பொருத்துதலை மறுபடி செய்ய வேண்டும்.